குசினி ரெண்டு

— குசினி ரெண்டா, ராத்தா?

— ரெண்டுதான். எழுதுங்க, சர்மிலா புள்ள. நாங்க சமைக்கிற குசினி நகரசபைக்கு எதுக்கு எண்டுதான் விளங்கல்ல.

— அடுத்த அஞ்சு வருசத்துக்குத் திட்டம் போடுறாங்க. எந்த வீட்டுக்குக் கூரை மாத்தணும், எந்த ஒழுங்கைக்கு வடிகான் வெட்டணும் எண்டு. வீடு வீடாப் பதியிற வேல இண்டைக்கோட முடியுது. இதுல விடுபட்டா ஒண்டும் கிடைக்காது.

— எங்கட வீட்டப் பாருங்க. மேல கொங்கிறீட், கீழ மாபிள். இதுல என்னத்தத் திருத்துற?

— அதான் நானும் பாத்தன். வீடு ஆருட பேர்ல?

— மகள் இர்ஷானாட பேர்ல. கலியாணத்துக்கு எழுதிக் குடுத்தம். உங்கட தமிழ் ஆக்களும் அப்பிடித்தானே?

— ஓம், எங்களுக்கும் வீடு பொம்பிளப் புள்ளைக்குத்தான். இப்ப ஆரார் இருக்கீங்க?

— மகள், மருமகன், புள்ளையள் மூணு, ரெண்டு பொடியனும் ஒரு பொம்பிளப் புள்ளையும். பிறகு நான். நிஸ்மியா எண்டு போடுங்க.

— அறை?

— அதுவும் மூணு.

— ஒண்டு மகளுக்கும் மருமகனுக்கும். ஒண்டு பொடியனுகள் ரெண்டு பேருக்கும்.

— மத்தது பேத்திக்கு. பெரிய புள்ளையாகிட்டா, பூட்டிக்கிட்டுப் படிக்கிறா.

— அப்ப நீங்க எங்க படுக்கிற?

— தேத்தண்ணி ஆறுது. குடிங்க.

— குடிக்கிறன். முத்தத்துக்கு அங்கால நிக்கிற தகரக் கொட்டில்தானே ரெண்டாவது குசினி? ஒருக்காப் பாக்கட்டா?

— அதுக்குள்ள என்ன கெடக்கு. சட்டி பானைதான்.

— கதவு துறந்துதான் கெடக்கு. கட்டில் ஒண்டு தெரியுதே.

— அது விறகு அடுக்கிற கட்டில்.

— விறகுக்கு நுளம்பு வலை கட்டுவாங்களா, ராத்தா?

— நீங்க பொல்லாத புள்ள.

— மஞ்சள் தூள் போத்தலுக்குப் பக்கத்துல மூக்குக் கண்ணாடி. அதுக்குப் பக்கத்துல பிறசருக்குப் போடுற குளிச. மேல ரெண்டு வாளி கட்டித் தொங்குது. வாளி எதுக்கு?

— தகரம் ஓட்டை. போன மாரிக்கு ரெண்டு வாளியும் நிரம்பி, மெத்தையும் நனைஞ்சி, மூணு நாள் கதிரையில இருந்துகொண்டுதான் நித்திர.

— மகளுக்குத் தெரியாதா?

— தெரியும். உள்ள வாங்க உம்மா எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். நான்தான் போகல்ல. குடுத்த வீடு அது. மருமகன் சாரனோட நடமாடுற இடத்துல நான் என்னெண்டு காலை நீட்டிப் படுக்கிற? எனக்கு வெக்கம்.

— அப்ப இதக் குசினி எண்டு போட ஏலாது. ஆள் இருக்கிற இடம், கூரை திருத்தணும் எண்டுதான் போடணும்.

— வேணா புள்ள. உம்மாவக் கொட்டிலுக்குள்ள போட்டிருக்காள் எண்டு ஊர் கதைக்கும். அவள் நல்லவள். அந்தப் பேர் அவளுக்கு வரக்கூடா.

— ஆருட பேரும் வெளிய வராது. எத்தின கூரை எண்டு மட்டும்தான் திட்டத்துல வரும். இண்டைக்கு விட்டா இன்னும் அஞ்சு மாரிக்கு இந்த வாளிதான்.

— அஞ்சு மாரிக்கு என்னால ஏலாது. சரி, எழுதுங்க. ஆனா என்ட ஒரு கூரைக்காக நகரசபை திட்டம் போடுமா? மத்த வீடுகள்ள என்ன எழுதினீங்க?

— குசினி ரெண்டு எண்டு சொன்னா, ரெண்டு எண்டு எழுதிட்டு வந்தன்.

— கதவத் துறந்து பாக்கல்லயா?

— பாக்கல்ல. இஞ்ச உங்கட நுளம்பு வலை காத்துக்கு ஆடினதாலதான் பாத்தன்.

— அப்பிடி எத்தின வீடு?

— அம்பது அறுவது வரும். திங்கக்கிழமை முதல்ல பதிஞ்சது எங்கட வீட்ட.

— என்னெண்டு பதிஞ்சீங்க?

— நல்ல வீடு, திருத்தம் தேவையில்ல, குசினி ரெண்டு. எங்கட அம்மாட மூக்குக் கண்ணாடியும் மஞ்சள் தூள் போத்தலுக்குப் பக்கத்துலதான் இருக்கு, ராத்தா.