செயின் அறுந்த காட்சி

கும்மிடிப்பூண்டியில் ரயில் கிளம்பியதும், எதிரே இருந்த பெண் பக்கத்திலிருந்த அப்பாவிடம் சொன்னாள்:

"இன்னிக்கும் உன்ன சாவடிச்சிட்டேன் நைனா."

இரும்பு மில் சீருடையில் இருந்தவர் சிரித்தார். "இதுக்குத்தான் கேம் டிசைன் படிச்சியா?"

"இதுக்கும்தான். உங்க மில்லுல புதுசா சேர்றவங்க, உள்ள போறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல நான் செஞ்ச இந்த கேம ஆடிப் பாக்கணும். ஹெல்மெட் போடலன்னா சாவு. கிரேன் செயின் அறுந்தாலும் சாவு. செயின் அறுவறத மட்டும் எடுத்துடுன்றாரு உங்க மேனேஜரு. தொழிலாளி தப்ப காட்டுனா போதுமாம்."

"எடுத்துடும்மா. உன் வேலை பூடும்."

"போவட்டும். கார்ட்டூன் கம்பெனி இருக்குது, ஆஸ்பத்திரிக்கு இதேமாரி செய்யறவங்க இருக்காங்க. என் படிப்புக்கு இந்த ஒரு மில்லுதானா? நெஜமாவே மில்லுல செயின் அறுந்துச்சின்னு நீதான சொன்ன? எடுக்க மாட்டேன்."

பொன்னேரி தாண்டியதும் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீ இன்னும் அங்க வேலை பாக்கற. பயமா இருந்தா சொல்லு, சாவற ஆளுக்கு உன் மூஞ்சிய எடுத்துட்டு வேற மூஞ்சி வெக்கறேன்."

மீஞ்சூரில் இறங்க எழுந்தவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வேணாம். என் மூஞ்சியே இருக்கட்டும். மேனேஜரு நல்லா பாக்கட்டும்."