பெஞ்சில் கொஞ்சம் இடம்

கறுப்புக் கோட்டைத் துவைக்கவே கூடாது என்று எங்கள் நீதிமன்றத்தில் யாரோ சபதம் எடுத்திருக்கிறார்கள். வெயில் நேரத்தில் பத்துப் பதினைந்து கோட்டுகள் ஒரே வராந்தாவில் நின்றால் செத்த எலியும் மூக்கைப் பொத்திக்கொள்ளும். அந்த நாற்றத்தை வைத்து யார் யாருடைய வக்கீல் என்று கண்டுபிடிக்க முடியாது. விசாரிக்க வந்த நீங்கள் முதலில் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்கும் அந்த அம்மாள் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. ஒரு குழந்தையின் சங்கிலியைத் திருடியதாக வழக்கு. நேராக என் பெஞ்சுக்கு வந்து, "நீங்கதான் என் வக்கீலா சார்?" என்றாள்.

"உட்காருங்கம்மா" என்றேன். பெண்பிள்ளைகளை நிற்க வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

நான் அரசு வக்கீல். அவளுக்குத் தண்டனை வாங்கித் தருவதுதான் என் உத்தியோகம். அவளுக்கென்று இலவசமாக நியமிக்கப்பட்டவர் அப்போது கேன்டீனில், வாய் நிறைய பிஸ்கட்டோடு நீதியின் மாண்பைப் பற்றிப் போதித்துக்கொண்டிருந்தார். மாண்பு தூள்தூளாக எதிரே இருந்தவரின் டீயில் மிதந்தது. அப்படிப்பட்டவரிடம் அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"சங்கிலி காணாமப் போன அன்னைக்கு நான் வேலைக்கே போகல சார். ஆஸ்பத்திரியில எங்கம்மா தலைமாட்டுல உக்காந்திருந்தேன். நர்ஸம்மாவைக் கேளுங்க, சொல்லுவாங்க."

பொய் சொல்கிறவள் இப்படி மூக்கைச் சிந்த மாட்டாள். நர்ஸ் கூண்டில் ஏறினால் என் வழக்கு புஸ்ஸென்று போய்விடும்.

ஆகவே நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் வாய்தா மேல் வாய்தாவாக இழுக்கும். ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு இன்றைக்கே வீடு. இரண்டும் உண்மை.

"வேலை போயிடாதே சார்? பிள்ளைங்களைப் பாத்துக்கறதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது."

"சின்ன கேஸும்மா" என்றேன். அதுவும் உண்மை.

உனக்கு வக்கீல் இருக்கிறாரா என்று நீதிபதி கேட்டார். அவர் நிமிரவில்லை, காது குடைந்த பேனா மூடியை முகர்ந்துகொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "இருக்காருங்கய்யா" என்றாள். பிறகு, செய்யாததைச் செய்தேன் என்றாள். கேன்டீனில் இருந்த அவளுடைய வக்கீல் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, "அட, முடிஞ்சிருச்சா? நல்லதாப் போச்சு" என்றார்.

திருடினேன் என்று ஒத்துக்கொண்டவள் கையில் யார் குழந்தையைக் கொடுப்பார்கள்? காப்பகம் விரட்டிவிட்டது. மற்ற காப்பகங்கள் கதவையே திறக்கவில்லை. இப்போது பஸ் நிலையத்தில் கக்கூஸ் கழுவுகிறாள். கௌரவமான வேலைதான், எங்கள் வராந்தாவை விடச் சுத்தமாக இருக்கும்.

அவளுக்கு என்மேல் வருத்தமே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சைக்கிள் திருட்டு என்று போலீஸ் அவள் தம்பியைப் பிடித்தபோது அவனை என்னிடம்தான் அழைத்து வந்தாள். பினாயில் வாடை முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள்.

"இவருதான்டா எனக்காக நின்னவரு. தங்கமான மனுசன். ஒண்ணையும் மறைக்காம சொல்லு."

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டேன். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. இப்போது உள்ளே இருக்கிறான்.

அந்தப் பெஞ்சில் இதுவரை எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள் என்று கேட்கிறீர்கள். எண்ணியதில்லை. அவர்களில் ஒருவரிடமும் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. யாராவது நின்றுகொண்டிருந்தால் எனக்கு மனசு கேட்காது, அவ்வளவுதான்.