விதி அறுபத்தொன்றை நீக்கியது யார்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆணையர் அவர்களே, துணை ஆணையர் அவர்களே, தொழிற்சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் அக்காவின் கணவர் அவர்களே, மகளே, வேலையிலிருந்து சீருடையோடு நேராக வந்து சுவரோரம் நிற்கும் குடிநீர் மீட்டர் பார்ப்பவர்களே, தூய்மைப் பணியாளர்களே, இருக்கை கிடைக்காமல் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் மாநகராட்சியின் பணியமைப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர், ஊழியர் ஊதிய விதிகளைப் புதுப்பிக்கும் குழுவின் செயலர், நாம் 'ரப்பர் அக்கா' என்று அழைத்தவர், பதினாறு நாட்களுக்கு முன் வேலைக்கு வரும் பேருந்தில் இறந்துபோனார். ஜன்னலோர இருக்கை. அலுவலக நிறுத்தம் வந்தது. அவர் இறங்கவில்லை. நடத்துனர் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த மரணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. அவர் செய்த வேலையைப் பற்றித் தெரியும். ஐந்து வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தேன்.

எனக்கு முன்னால் மூன்று பேர் பேசினார்கள். மூவருமே ஒரு தவறைக் குறிப்பிட்டார்கள். குடைப் படித் தவறு. "தவறு செய்தார், ஆனால் மறைக்கவில்லை, அதுதான் அவர் பெருமை" என்றார் தொழிற்சங்கச் செயலாளர். அன்போடுதான் சொன்னார். நீங்களும் தலையசைத்தீர்கள். அந்தத் தவறு அவருடைய பணிப் பதிவேட்டில் இன்றும் ஒரு வரியாக இருக்கிறது. "கவனக்குறைவு. ஊதிய உயர்வு ஒன்று நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது."

அந்த வரி உண்மையா? நான் பேச எழுந்தது அதற்காகத்தான்.

முதலில் வேலை. நம் பணி விதிப் புத்தகம் அறுபது வருடப் பழையது. அதில் மிதிவண்டிப் படி இருந்தது. லாந்தர் எண்ணெய்ப் படி இருந்தது. வண்டி மாட்டுக்குத் தீனிப் படி இருந்தது. தந்தை இறந்தால் மூன்று நாள் விடுப்பு உண்டு, தாய் இறந்தால் இல்லை. யாரோ எழுத மறந்திருக்கிறார்கள். அறுபது வருடம் யாரும் அதைக் கேட்கவும் இல்லை! அக்கா கேட்டார். பென்சிலால் அடித்தார், ரப்பரால் அழித்தார், மறுபடி எழுதினார். புது விதி ஒவ்வொன்றும் அப்படித்தான் பிறந்தது. மேசையில் எப்போதும் ரப்பர் துகள். சட்டைக் கையில் ரப்பர் துகள். பெயர் அப்படி வந்தது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதிய விதியை அது யாருக்கானதோ அவர்களிடமே கொண்டுபோய் வாசிப்பார். வாசித்துவிட்டு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்பார். அவர்கள் சொல்வது வேறாக இருந்தால் விதியைத் திருத்துவார். அவர்களைத் திருத்த மாட்டார்.

தூய்மைப் பணியாளர்கள் துடைப்பம் வைக்கும் அறையில் ஒரு காலை மகப்பேறு விடுப்பு விதியை வாசித்தார். பிரசவத் தேதிக்கு முப்பது நாள் முன்பே மருத்துவர் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும் என்று இருந்தது. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சிரித்தே விட்டார்.

"ஏங்க்கா, உள்ள இருக்கற குழந்தைக்கு இந்த ரூல் தெரியுமா?"

"தெரியாது. ஏன்?"

"இல்ல, என் ரெண்டாவது, நாப்பது நாள் முன்னாடியே வந்துடுச்சு. லேட்டா விண்ணப்பம் குடுத்தேன்னு ஒரு மாசச் சம்பளத்தப் புடிச்சுட்டாங்க. நானா லேட்டு? அதுதான சீக்கிரம் வந்துச்சு?"

அக்கா சிரிக்கவில்லை. அந்த இடத்திலேயே, வாளிக்குப் பக்கத்தில் குனிந்து, அந்த வாக்கியத்தை அழித்தார். இன்று அந்த விதியில் முப்பது நாள் இல்லை. பிறந்த பிறகும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பெண் இந்த அரங்கில் இருக்கிறார். அவர் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. அவர் சொன்ன வாக்கியம் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் கவனக்குறைவானவரா?

குடைப் படிக்கு வருகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன், வழக்கில் இல்லாத படிகளை எல்லாம் ஒரே ஆணையில் நீக்குவதென்று குழு முடிவு செய்தது. இருபது வருடமாக யாரும் கேட்காத படி எது, அதையெல்லாம் பட்டியலிட வேண்டும். விதி அறுபத்தொன்று, குடைப் படி, அந்தப் பட்டியலில் போனது. ஒரு குடையின் கைப்பிடிகூட வாங்க முடியாத தொகை. மாநகராட்சி மன்றம் எந்த விவாதமும் இல்லாமல் நீக்கியது.

அந்த விதிக்கு இரண்டாவது பத்தி ஒன்று இருந்தது. குடைப் படி பெறத் தகுதியான பணிகள் இன்னின்னவை, அவற்றில் இருப்பவர்களே எல்லா விதிகளுக்கும் 'வெளியிடப் பணியாளர்' ஆவர் என்று அந்தப் பத்தி சொன்னது. புத்தகம் முழுவதிலும் வேறு எங்கும் அந்த விளக்கம் இல்லை. குடை போனது. குடையோடு வெளியிடப் பணியாளர்கள் என்ற இனமே போனது. வேலையில் அடிபட்டால் முழுச் சம்பளத்தோடு விடுப்பு என்பது அவர்களுக்கு மட்டும் உள்ள உரிமை. ஒரே நாளில் அந்த உரிமைக்கு ஆளே இல்லாமல் போயிற்று. நமக்குத் தெரியவும் இல்லை.

மூன்று மாதம் கழித்து, மீட்டர் பார்ப்பவர் ஒருவர் மூடி உடைந்த குழியில் கால் விட்டார். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. விடுப்புக் கேட்டார். 'மனுதாரர் வெளியிடப் பணியாளர் அல்லர்' என்று பதில் போனது. நம் பிரிவிலிருந்துதான் போனது.

அந்தப் பதிலின் நகலை அக்கா நின்றுகொண்டே படித்தார். பழைய புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "வா" என்றார். நாங்கள் கணுக்கால் முறிந்தவரின் வீட்டுக்குப் போனோம்.

ஒற்றை அறை. முக்காலியின் மேல் கட்டுப்போட்ட கால். அவர் மனைவி எங்களுக்கு நாற்காலி போட்டார், முகம் கொடுக்கவில்லை. அக்கா உட்காராமலே சொன்னார். குடைப் படியை நீக்கியபோது உங்களையும் சேர்த்து நீக்கிவிட்டோம்.

அவர் கட்டுப்போட்ட காலை இரு கையாலும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு, "பத்தொம்பது வருஷமா அந்த ஆபீஸ்ல எனக்கு ஒரு நாற்காலி கிடையாது மேடம். நான் வெளியாள் இல்லன்னா வேற யாருதான் வெளியாள்?" என்றார்.

"நீங்கதான். தப்பு எங்களது."

"அதாவது, கேக்காத குடையக் குடுக்க மாட்டேன்னு சொல்லி, இருந்த காலப் புடுங்கிட்டீங்க."

"ஆமா."

"சும்மா ஆமான்னா எப்படி மேடம்? கொஞ்சம் சண்டையாவது போடுங்க."

அவர் மனைவிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அக்கா உட்கார்ந்தார்.

அதன் பிறகு ஒன்பது மாதம். புது விளக்கம் ஒன்றை எழுதினார். வேலை நேரத்தில் பாதிக்கு மேல் கூரைக்கு வெளியே இருப்பவர் வெளியிடப் பணியாளர். நீரேற்று நிலையத்தில் வாசித்தார். "கூரைன்னா எதுங்க்கா? பஸ் ஸ்டாப் கூரையும் சேத்தியா?" என்று கேட்டார் ஒருவர். அழித்தார். எழுதினார். 'மாநகராட்சிக் கட்டடத்தின் கூரை' என்று ஆயிற்று. நீக்கிய தேதியிலிருந்தே செல்லும்படி மன்றத்தில் நிறைவேறியது. கணுக்கால் முறிந்தவருக்கு ஒரு நாள் குறையாமல் விடுப்பு கிடைத்தது. அதோ, மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இன்னும் நாற்காலி கொடுக்கவில்லை நாம்!

இது உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாததை இனிச் சொல்கிறேன்.

நீக்க வேண்டிய படிகளின் பட்டியலை அக்கா தயாரிக்கவில்லை. நான் தயாரித்தேன்.

விதி அறுபத்தொன்று ஒரு பக்கத்தின் அடியில் தொடங்கியது. இரண்டாவது பத்தி மறுபக்கத்தில் இருந்தது. நான் பக்கத்தைத் திருப்பவில்லை. அன்று முப்பத்தெட்டு விதிகளைப் பார்த்திருந்தேன். சலித்துப்போயிருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கையெழுத்துப் போடும் முன் அக்கா என்னிடம் கேட்டார்.

"எல்லாத்தையும் முழுசாப் படிச்சியா?"

"படிச்சேங்க்கா."

அவர் என் வார்த்தையை நம்பினார். கவனக்குறைவு என்று பதிவேடு சொல்வது இதைத்தான்.

விசாரணை நடந்தது. முந்தைய ஆணையர் கேட்டார், பட்டியலை யார் தயாரித்தது? "பிரிவு தயாரிச்சுது சார். கையெழுத்து என்னோடது" என்றார் அக்கா. கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். பேசவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது சொன்னேன். "அக்கா, நான் போய்ச் சொல்லிடறேன்."

"தகுதிகாண் பருவம் முடிய உனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?"

"ஏழு மாசம்."

"இப்பச் சொன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வேலை நிரந்தரமானதும் சொல்லு. எனக்கு ஏழு மாசம் ஒண்ணும் ஆயிடாது."

கவனியுங்கள். அவர் எனக்காகத் தியாகம் செய்யவில்லை. அப்படிச் சொன்னால் எனக்கு வசதி. அவர் ஒரு தேதி கொடுத்தார். அவ்வளவுதான்.

ஏழு மாதம் முடிந்தது. நிரந்தர ஆணை வந்தது. அன்று மதியம் என் மேசைக்கு அருகில் வந்து நின்றார்.

"ஆர்டர் வந்துடுச்சாமே."

"ஆமாங்க்கா."

கொஞ்ச நேரம் நின்றார். நான் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. நான் சொல்லவே இல்லை. மூன்று வருடம், பக்கத்துப் பக்கத்து மேசை. விதிகளைப் பற்றிப் பேசினோம். சண்டை போட்டோம். பிறந்தநாள் கேக்கை இரண்டாக வெட்டிச் சாப்பிட்டோம். துணைச் செயலர் பதவிக்கான பெயர்ப்பட்டியல் இரண்டு முறை வந்தது. அந்த ஒரு வரியால் இரண்டு முறையும் அவர் பெயர் நின்றுபோனது. அப்போதும் நான் சொல்லவில்லை. பயந்தேனா? முதலில் பயம். பிறகு தாமதம். தாமதமாகிவிட்டதே என்பதே பிறகு காரணமாயிற்று.

ஆணையர் அவர்களே, நீங்கள் இந்த நகரத்துக்குப் புதியவர். ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். புதிய விதிப் புத்தகத்தில் இருநூற்றுப் பதினெட்டாவது விதி என்று ஒன்று இருக்கிறது. தண்டனையோடு இறந்துபோன ஒரு லாரி ஓட்டுநரின் குடும்பத்துக்காக அக்கா எழுதியது. குழுவில் எதிர்ப்பு வந்தபோது, "செத்தவங்க மேல்முறையீடு பண்ண முடியாதுங்க. உசுரோட இருக்கறவங்க யாராச்சும் பண்ணட்டும்" என்றார். பணியாளர் இறந்து முப்பது நாளுக்குள், உண்மையை நேரடியாக அறிந்த எவரும் எழுத்தில் கொடுத்தால், அந்தத் தண்டனையை ஆணையர் மறுபடி விசாரித்தே ஆக வேண்டும். இன்று பதினாறாம் நாள்.

இன்று காலை பத்து மணிக்குத் தபால் பிரிவில் என் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். மூன்று பக்கம். நான் தயாரித்த பட்டியலின் கையெழுத்துப் பிரதியும் அதோடு இருக்கிறது. என் எழுத்து. ரசீது என் பையில் இருக்கிறது. விதிப்படி விசாரணை வரும் திங்கட்கிழமைக்குள் தொடங்க வேண்டும். என் மேல் என்ன நடவடிக்கை வருமோ, வரட்டும். அதற்கும் அக்கா எழுதிய விதி ஒன்று இருக்கிறது. நியாயமான விதிதான்.

தோழர்களே, புதுப்பிக்கும் வேலை முடியவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் மருத்துவ உதவி, ஓய்வுபெற்றோர் படி, இரண்டு அத்தியாயம் பாதியில் நிற்கிறது. நான் அந்த மேசையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை நிறைவேற வேண்டும். யாருக்காக எழுதுகிறோமோ அவர்களிடம் வாசித்துக் காட்டாத எதுவும் மன்றத்துக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் திருப்பப்பட வேண்டும். எங்கள் பிரிவில் மீதமிருக்கும் நான்கு பேரும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். நீங்கள் சாட்சி.

கடைசியாக ஒன்று. இது அரங்கத்துக்கு அல்ல. அவருடைய கணவருக்கும் மகளுக்கும்.

ஐயா, குடும்ப ஓய்வூதியப் படிவம் சென்ற வாரம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். அதில் எழுதியிருப்பது குறைந்த தொகை. நிறுத்தப்பட்ட ஊதிய உயர்வைக் கழித்துப் போட்டது. தட்டச்சு செய்தது நான்தான். செய்யும்போது தெரிந்தேதான் செய்தேன். நீங்கள் ஒரு முறை கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

மன்னிப்பைப் பிறகு கேட்கிறேன், உங்கள் வீட்டுக்கு வந்து. கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். இப்போது இதை மட்டும் கேளுங்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள்.