கீறோம் என்று யாருக்குச் சொன்னீர்கள்?

மேடை நடுவே பொன்னாடை போர்த்தி வைக்கப்பட்டிருக்கும் தலைமை நாற்காலியே! அதனருகே முக்காலியில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் படகுச் சங்கத் துணைத் தலைவர், ஐஸ் வியாபாரி அப்துல் வஹாப் பாய் அவர்களே! அலையோடு மல்லுக்கட்டி அலுத்து வந்திருக்கும் அண்ணன்மாரே! மீன்கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் அன்புக்குரிய மங்கம்மா அவர்களே! டோல்கேட் ராமசெல்வி ஆகிய நான் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். தலைவரைக் கும்பிட்டுத் தொடங்கியிருக்கிறேன். நாற்காலியைக் கும்பிட்டுத் தொடங்குவது இன்றைக்குத்தான். அந்த நாற்காலிக்கு முன்னால் டீ வேறு வைத்திருக்கிறீர்கள். எனக்கு உடம்பு சிலிர்க்கிறது ஐயா, ஏன் மறைக்க வேண்டும்?

குடியரசு நாளில் குடியரசுத் தலைவரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். யார் அவர்? முப்படையும் வணங்கும் முதல் குடிமகன். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவும் அவர் ஒப்புதல் தந்தால்தான் சட்டம். தூக்குமேடைக்குப் போகிறவனையும் திருப்பி அழைக்கும் கருணை அவர் கையில். என்ன தகுதி வேண்டும்? இந்தியக் குடியுரிமை வேண்டும். முப்பத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும். மக்களவைக்குப் போட்டியிடும் தகுதி வேண்டும். அரசிடம் ஆதாயம் பெறும் பதவியில் இருக்கக் கூடாது.

யாரது பின்வரிசையில்? என்ன கேட்கிறீர்கள்? "உசுரோட இருக்கணும்னு எயுதலியா?" என்கிறாரா அந்த அண்ணன்? சிரிக்காதீர்கள். எழுதவில்லைதான். எழுதத் தேவையில்லை என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். அவர்கள் காசிமேட்டுக்கு வந்து பார்க்கவில்லையே!

உங்கள் சங்கத் தலைவர் பொன்னுரங்கம் மழைக்காலத்துக்கு முன் கடலுக்குப் போனார். எண்ணூர் முகத்துவாரத்தில் படகு ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. கூட்டம் என்றால் அவர் என்ன செய்வார்? மைக்கை மூன்று தட்டுத் தட்டி, இருக்கிறீர்களா என்று உங்கள் பேச்சில் "கீறீங்களா?" என்பார். நீங்கள் "கீறோம் தலைவரே!" என்பீர்கள். அதற்குப் பிறகுதான் மற்றப் பேச்சு. இப்போது அவர் இல்லை. ஆனாலும் நாற்காலி முன்னால் மைக் வைக்கிறீர்கள், கொஞ்ச நேரம் காத்திருக்கிறீர்கள், பிறகு எல்லோரும் ஒரே குரலில்...

கேட்டீர்களா? டொக். டொக். டொக்.

நிறுத்துங்கள்! பதில் சொல்லாதீர்கள்! யார் தட்டியது? மைக்செட் விமல் தம்பி, நீங்களா? என்ன... "நான் இல்லக்கா, அந்த நாற்காலி மைக்கு வயரை அப்பவே புடுங்கிட்டேன்" என்கிறாரே! தாய்மார்களே, எழுந்திருக்காதீர்கள். பயப்படுவதாக இருந்தால் நான் அல்லவா முதலில் ஓட வேண்டும்? நான்தானே பக்கத்தில் நிற்கிறேன்?

இங்கே வரும் வழியில் தலைவரின் மனைவி மங்கம்மாவைப் பார்த்தேன். வாசலைக் காட்டினார். "இவங்க கூட்டம் போட்டா, மறுநாள் காலைல இங்க ஈரக்காலு தடம் கீதுமா. படி வரைக்கும் வருது, உள்ள வரல. காரியம் பண்ணலாம்னா, தலைவரு இன்னும் கீறாருன்னு சண்டைக்கி வராங்க. அவரால வரவும் முடியல, போவவும் முடியல. கீறோம் கீறோம்னு இவங்கதான் புடிச்சி இஸ்துகினு கீறாங்க" என்றார். கணவருக்காக வாய்விட்டு அழவும் விடாமல் வைத்திருக்கிறீர்களே, இது அன்பா? இது மரியாதையா?

வஹாப் பாயைக் கேட்டேன். "பதவி காலின்னு எப்டிமா சொல்றது? காலின்னா ஆளு பூட்டாருன்னு ஆவும்ல? தோஸ்து ஒக்காந்த எடம்மா அது" என்று கண் கலங்கினார். பாய், டெல்லியில் காலி என்றால் வெற்றிடம். நம் ராயபுரத்தில் காலி என்றால் ஆளே முடிந்தான் என்று பொருள். அந்தச் சொல்லுக்குப் பயந்துதானே இந்த ஊரே நடுங்கிக்கொண்டிருக்கிறது?

குடியரசுத் தலைவர்கள் பதவியில் இருக்கும்போதே இறந்ததுண்டு. நாடு அழுதது, கொடி இறங்கியது. ஆனால் நாற்காலிக்கு டீ வைத்தார்களா? அன்றைக்கே துணைத் தலைவர் உறுதிமொழி எடுத்தார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்கிறது சட்டம். ஏன் அவ்வளவு அவசரம்? இருப்பவர்களுக்கு ஒரு தலைவர் வேண்டும், போனவருக்கு ஒரு விடுதலை வேண்டும்!

மங்கம்மா எழுந்து வருகிறார். வழி விடுங்கள். பொன்னாடையை எடுக்கிறார். "ஒக்காருங்க பாய். அவரு போவட்டும்" என்கிறார். உட்காருங்கள் பாய்! தேர்தல் வரைக்கும் நீங்கள்தான். இந்தாருங்கள் என் மைக், தட்டுங்கள். உங்கள் குரலில் கேளுங்கள்.

"கீ... கீறீங்களா?"

சொல்லுங்கள் காசிமேடே! இன்னும் உரக்க! கேட்டது இருப்பவர், சொன்னது இருப்பவர்கள். இதல்லவா பதில்!

ஏன் பாய் எழுந்து வேட்டியைத் தடவிப் பார்க்கிறீர்கள்? நாற்காலி ஈரமா? பொன்னாடை மூடியிருந்த இடமா ஈரம்? இருக்கட்டும். துடைக்காதீர்கள், அப்படியே அமருங்கள். அவர் இப்போதுதான் எழுந்திருக்கிறார்.

மங்கம்மா, நீங்கள் அழுங்கள் தாயே. இனி யாரும் தடுக்க மாட்டார்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இவ்வளவு நாள் காத்திருந்து இடம் விட்ட தலைவர் பொன்னுரங்கம் அவர்களுக்கும் நன்றி கூறி, கடலைப் பார்த்து ஒருமுறை கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.