கொட்டுண்ட காளான் கறி

பஸ்மியா: பக்கத்து வீட்டுச் சட்டிய உடைச்சா புதுசு வாங்கித் தாறது முறைதானே, கீர்த்தனி. பிடிங்க.

கீர்த்தனி: வேண்டாம், டீச்சர். இதை வாங்கினா நீங்கள் தவறுதலா உடைச்சனீங்கள் எண்டு நான் நம்பின மாதிரி ஆகிடும்.

பஸ்மியா: தவறுதலாத்தானே... உங்கட குசினி நிலம் ஈரமாக் கிடந்தது. வழுக்கிட்டன்.

கீர்த்தனி: அப்ப ஏன் அண்டைக்கு எனக்கு அவ்வளவு தரம் கோல் எடுத்தனீங்கள்? நான் கந்தோர்ல கூட்டத்தில இருந்தனான். வெளிய வந்து பாத்தா போன் முழுக்க உங்கட பேர்தான். ஒரு மெசேஜ் போட்டு அழிச்சும் கிடக்கு.

பஸ்மியா: அது... தேங்காய் இருக்கோ எண்டு கேக்க.

கீர்த்தனி: உங்கட வளவு முழுக்கத் தென்னைதான், டீச்சர். பொய் சொல்ல உங்களுக்குச் சரிவராது. மாமா வீட்டில இல்ல, மீன் வாங்கத் துறைமுகத்தடிக்குப் போனவர். சொல்லுங்கோ.

பஸ்மியா: சரி... கதிரையில இருங்க முதல். அண்டைக்குக் காலையில ஐயா, உங்கட மாமா, நனைஞ்சுகொண்டு வந்தார். "ஓர்ஸ் ஹில் சரிவில காளான் பொங்கிக் கிடக்குது, பிள்ளை. உங்களுக்கும் ஒரு பிடி" எண்டு தந்திட்டுப் போனார். அந்த முகத்தப் பாக்க எனக்கு எவ்வளவு சந்தோசம். நல்லம்மா அக்கா மௌத்தான பிறகு அவர் சிரிச்சு நான் காணவேயில்ல.

கீர்த்தனி: மாமி போன பிறகு அவர் குசினிப் பக்கமே வரேல்ல. தேத்தண்ணிக்குக்கூட வெளியில நிண்டுதான் கேப்பார். அண்டைக்குத்தான், "இரவுக் கறி என்ர பொறுப்பு, நீங்கள் ரெண்டு பேரும் வேலையால வந்து சாப்பிடுங்கோ" எண்டவர். எனக்கும் என்ர புருசன் தர்சனுக்கும் கண் கலங்கிட்டுது.

பஸ்மியா: அதுதான் எனக்கும் வாய் வரல்ல. ஐயா கறையான் புத்துக் காளான் எண்டார். மழையில நிறம் மாறிட்டுதாம். பாத்தா எல்லாம் சின்னச் சின்ன மண்ணிறக் காளான். அடியில மரப்பட்டை ஒட்டிக் கிடக்குது. புத்தில முளைச்சதுக்குப் பட்டை எங்கால வந்தது? காம்பிலயும் மோதிரம் போட்ட மாதிரி ஒரு வளையம்.

கீர்த்தனி: நீங்கள் உயிரியல் படிப்பிக்கிறனீங்கள். உடனே விளங்கியிருக்கும்.

பஸ்மியா: எங்க விளங்குது... அந்தக் குட்டி மண்ணிறக் காளானெல்லாம் அச்சில வாத்த மாதிரி ஒண்டு போலத்தான். அதையே ஆராய்ச்சி செய்யிற ஆக்களும் தலையைச் சொறிவாங்க. நான் ஒண்டின்ட குடைய மட்டும் கிள்ளி, வெள்ளைத் தாள்ல கவிட்டு, மேல ஒரு கிளாசால மூடி வச்சிட்டுப் பள்ளிக்குப் போனன். வந்து தூக்கிப் பாத்தா தாள்ல தூள் விழுந்து கிடக்குது. புத்துக் காளானெண்டா வெளிர் ரோசாவா விழும். இது இரும்புத் துரு மாதிரி...

கீர்த்தனி: துரு நிறமெண்டா கூடாதோ?

பஸ்மியா: எனக்கும் நிச்சயமில்ல. படம் எடுத்து, யூனிவர்சிற்றியில எனக்குப் படிப்பிச்ச சேருக்கு அனுப்பினன். அவர் உடனே கோல் எடுத்தார். "படத்தப் பாத்துப் பேர் சொல்ல ஏலாது. ஆனா கட்டையில முளைச்சு, வளையமும் துருத்தூளும் இருந்தா ஒருத்தரும் வாயில வைக்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில ஈரலத் தின்னுற சாதி இருக்குது" எண்டார். அவர் கதைச்சு முடிக்கல்ல, உங்கட குசினிப் பக்கமிருந்து தேங்காய்ப்பால் மணம் வருது.

கீர்த்தனி: அப்பதான் எனக்குக் கோல்...

பஸ்மியா: ஓம். நீங்க எடுக்கல்ல. செருப்பும் போடாம ஓடி வந்தன். ஐயா அகப்பையில அள்ளி ஊதிக்கொண்டு நிக்கிறார். "ஐயா, இது நல்ல காளான்தானோ?" எண்டன். "வெருகல் காட்டுக்கரையில பிறந்தவனிட்டக் கேக்கிற கேள்வியோ இது?" எண்டு சிரிச்சார். பிறகு, உப்புப் போட மறந்திட்டன் எண்டு அகப்பைய வச்சிட்டு அங்கால திரும்பினார். அந்த இடைக்குள்ள... வழுக்கிட்டன்.

கீர்த்தனி: வாயால சொல்லியிருக்கலாமே, டீச்சர்.

பஸ்மியா: சொல்லியிருக்கலாம். அதுக்குப் பிறகு அவர் குசினிக்குள்ள வருவாரோ? பெத்த பிள்ளைக்கும் மருமகளுக்கும் நஞ்சு காய்ச்சினனே எண்டு அதையே நினைச்சு மூலையில இருந்திடுவார்.

கீர்த்தனி: நாங்கள் வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டம். பசியில நான் உங்கள மனசுக்குள்ள திட்டினனான்.

பஸ்மியா: திட்டினாப் பரவாயில்ல. பாண்தானே சாப்பிட்டீங்க. அல்ஹம்துலில்லாஹ்.

கீர்த்தனி: சேர் பிறகு என்ன சொன்னவர்?

பஸ்மியா: என்னட்ட இருந்த மிச்சத்தக் காயவச்சு அனுப்பினன். நுணுக்குக்காட்டியில பாத்திட்டு நேற்றுத்தான் சொன்னார்... அதேதான், ஈரலத் தின்னுற சாதி.

கீர்த்தனி: டீச்சர்... நீங்கள் இல்லாட்டி நாங்கள்...

பஸ்மியா: கையை விடுங்க, கீர்த்தனி. அழாதீங்க. வாசல் கேற் திறக்கிற சத்தம் கேக்குது. ஐயாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதீங்க.

ஞானசேகரம்: டீச்சரும் இஞ்சதானோ? நல்லதாப் போச்சு. உங்கட வீட்டுக்குத்தான் வர வெளிக்கிட்டனான். இந்தாங்கோ, பாரை. இப்பதான் வள்ளத்தால இறக்கினது.

பஸ்மியா: எதுக்கு ஐயா? உங்கட கறியக் கொட்டினவளுக்கு மீனோ?

ஞானசேகரம்: கொட்டினதுக்குத்தான்.

கீர்த்தனி: மாமா... டீச்சர் வழுக்கி விழுந்ததுக்கு ஆராவது மீன் குடுப்பினமோ?

ஞானசேகரம்: அடுத்த நாள் அந்தச் சரிவுக்குத் திரும்பப் போனனான், பிள்ளை. காலால மண்ணைத் தட்டிப் பாத்தனான். புத்தில்ல. உக்கின கட்டை.

பஸ்மியா: ஐயா, நான் உண்மையா வழுக்கித்தான்...

ஞானசேகரம்: வழுக்கினதெண்டே இருக்கட்டும். என்ர முகம் வாடக்கூடாதெண்டு நீங்கள் அப்பிடிச் சொல்லுறீங்கள். அதை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன். ஆனா அண்டைக்கு உப்பெடுக்கத் திரும்பேக்க, அலுமாரிக் கண்ணாடியில கண்டுகொண்டுதான் நிண்டனான்... வழுக்கிறதுக்கு முதல் நீங்கள் அடுப்பை அணைச்சதை.