பசிச்ச குட்டி ஓடுற ஓட்டம்

வேணாம் சார், டீயெல்லாம் வேணாம். நீங்க பிரின்சிபால், நாலு பேரப் பாக்கணும், நான் சட்டுன்னு முடிச்சுடறேன். அதான் ஃபோன்லயே பெருமையா சொன்னீங்களே, ஹாஸ்டலுக்கு வந்ததுலேருந்து உங்க பொண்ணு புத்தி கத்தி மாதிரி ஆயிடுச்சுன்னு. எல்லாருக்கும் அரை வயித்துச் சாப்பாடு, வாராவாரம் டெஸ்ட், ரேங்க் எடுத்த பிள்ளைங்க மேசைக்கு மட்டும் வயிறு நிறையப் பரிமாறுறது. ஆஹா, என்ன யோசனை! எங்க ஆராய்ச்சிக் கூடத்துல இத்தனை டாக்டர் பட்டம் தொங்குது, ஒருத்தருக்கும் தோணல பாருங்க.

தோணலன்னும் சொல்லிட முடியாது. எங்க கூடத்துப் பெரியவருக்குத் தோணுச்சு. ஆமா சார், நான் மாட்டு டாக்டர்தான், ஆனா மாடு பாக்குறதில்ல. பன்னிக்குட்டி. சின்ன வயசுல சாப்பாடு கொறைஞ்சா மூளை என்ன ஆகுதுன்னு பாக்குறதுதான் என் பொழப்பு. சிரிங்க, பரவால்ல, என் மாமியாரும் இப்படித்தான் சிரிப்பாங்க.

பாதிக் குட்டிக்கு முழுப் பால், மீதிக்கு அரைப் பால். வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு பாதையில விட்டு, யாரு சீக்கிரம் வழி கண்டுபிடிக்கிறாங்கன்னு பாத்தோம். அரைப் பால் குட்டிங்க பிச்சுக்கிட்டு ஓடுச்சு. முழுப் பால் துரைங்க நடுவழியில நின்னு சுவத்த மோந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. பெரியவருக்குத் தலைகால் புரியல. பட்டினி போட்டா புத்தி வளருதுன்னு கேக் வெட்டிட்டாரு. நாங்களும் வெக்கமில்லாமத் தின்னோம்.

பாதை முடிவுல என்ன வெச்சிருந்தோம்னு கேளுங்களேன். பால் கிண்ணம்!

என்ன சார், முகம் மாறுது? நான் கிண்ணத்த எடுத்துட்டு அங்க ஒரு பந்து வெச்சேன். முழுப் பால் குட்டிங்க ஓடி வந்து, பந்த உருட்டி, ஒரே ரகளை. மத்ததுங்க கிளம்புற எடத்துலயே படுத்துடுச்சு. எழுப்பினா என் கைய நக்கிப் பாத்துச்சு, ஒன்னும் இல்லன்னதும் மறுபடி படுத்துக்கிச்சு. அப்புறம் மூளைய எடுத்துப் பாத்தோம்... அத விடுங்க, உங்களுக்குச் சாப்பாட்டு நேரம்.

இல்ல இல்ல, சண்டை போட வரல. மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மாகிட்டப் பேசப் போறேன், அது வேற.

டி.சி. நீங்க மெதுவா குடுங்க, அவசரமில்ல. பொண்ண ஏற்கெனவே கார்ல உக்கார வெச்சுட்டுதான் வர்றேன். வார்டனம்மா தடுக்கத்தான் வந்தாங்க, பாவம், என் முகத்தப் பாத்துட்டு ஒதுங்கிட்டாங்க. அவளோட கலர் பென்சில் பெட்டிய எடுத்துட்டு வந்திருந்தேன் சார். முன்னெல்லாம் அதக் கண்டா சோறு தண்ணி வேணாம் அவளுக்கு. இன்னிக்குத் திரும்பிக்கூடப் பாக்கல. வயித்தெரிச்சல்ல ரொட்டிப் பொட்டலத்தப் பிரிச்சுக் கையில குடுத்தேன். மடியில வெச்சுக்கிட்டு, வாய் வைக்காம என்னையே பாக்குறா. சாப்பிடேன்டி கண்ணுன்னேன்.

நீ முதல்ல கேள்வியக் கேளும்மா, சரியா சொல்லிட்டுச் சாப்பிடறேங்கறா.