வேகாத ஈட்டுக்கு வந்த லேபிள்

பெயர் பரிபூரணம். வயது 46. கணவர் பெயர் சாம்சன். இருப்பு விருதுநகர் மாவட்டம், இராஜபாளையம் வட்டம், தேவதானம், கீழத்தெரு. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதித்துறை நடுவர் முன்பு என் சொந்த விருப்பத்தில் சொல்வதாவது:

நான் இராஜபாளையத்தில் உள்ள ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்களிடம் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை ஆட்டோகிளேவ் மெஷினில் நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவோம். ஒரு தடவை வைப்பதை ஒரு ஈடு என்போம். ஈடு சரியான சூட்டில் வெந்ததா என்பது டேட்டாபேஸில் பதிவாகும், அதைப் படித்துத்தான் லேபிள் கம்ப்யூட்டர் 'கிருமி நீக்கப்பட்டது' என்று அடிக்கும். கம்ப்யூட்டர்களை டேட்டாபேஸோடு சேர்க்கும் பழைய இணைப்பு மென்பொருளை நிறுத்தப்போவதாக அதைத் தயாரித்தவர்கள் இரண்டு வருடம் முன்பே அறிவித்திருந்தார்கள்.

அதன் பிறகு எல்லாவற்றையும் புது இணைப்புக்கு மாற்ற நான் திட்டம் போட்டேன். எந்தெந்தக் கம்ப்யூட்டர் பழைய இணைப்பை நம்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, சென்ற ஜூலையில் அதை அரை மணி நேரம் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். பதினொன்று நின்றுவிட்டன. லேபிள் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. அதை எப்போதோ புது இணைப்புக்கு மாற்றியிருப்பேன் என்று நினைத்து, திட்டத்தில் அதற்கு நேரே 'வேலை இல்லை' என்று எழுதினேன். திட்டம் சுத்தமாக இருப்பதாகப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு மற்ற பதினொன்றையும் மாற்றிவிட்டு, செப்டம்பர் 14ஆம் தேதி பழைய இணைப்பை அடியோடு எடுத்தேன். 17ஆம் தேதி காலை ஆட்டோகிளேவ் ஆபரேட்டர் தங்கப்பாண்டியன் தன் நோட்டோடு வந்தார். "அக்கா, கதவு ரப்பர்ல ஆவி கசியுது, சூடு ஏறல. ஈடு வேகலன்னு எழுதிருக்கேன். ஆனா லேபிள் வருதே" என்றார். நான் எழுந்துகூடப் போகவில்லை. "கம்ப்யூட்டர விட ஒனக்குத் தெரியுமாக்கும்? மொதல்ல கண்ணாடிய மாத்துப்பா. அத அடிச்சிட்டு சரின்னு எழுது" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அடித்துவிட்டு எழுதினார். மறுநாள் ரப்பரை மாற்றிவிட்டார், ஆனால் அந்த ஈடு அதற்குள் லாரி ஏறிவிட்டது.

அதன் பிறகு அந்தத் துணி போன ஒரு தனியார் மருத்துவமனையில், வத்திராயிருப்பைச் சேர்ந்த மாரிக்கனி, வயது 26, சிசேரியன் காயத்தில் சீழ் பிடித்து அக்டோபர் 2ஆம் தேதி இறந்துபோனார். குழந்தை இருக்கிறது. துணியில் கிருமி இருந்தது தெரிந்து கம்பெனிக்கு வந்த போலீசார், நோட்டில் அடித்து எழுதியிருப்பதைப் பார்த்துத் தங்கப்பாண்டியனைக் கைது செய்தார்கள்.

அன்றே நான் லேபிள் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். இணைப்பு கிடைக்காவிட்டால் கடைசியாக வந்த முடிவையே காட்டு என்று அதில் ஒரு வரி இருந்தது. பதினான்கு வருடம் முன்பு அதை எழுதியது நான்தான். அப்போது கரண்ட் அடிக்கடி போகும், பேக்கிங் பெண்கள் லேபிளுக்குக் காத்திருந்து பஸ்ஸை விட்டுவிடுவார்கள். பாவம் பார்த்து எழுதினேன், பிறகு மறந்தேபோனேன். ஜூலையில் லேபிள் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடியதும் இந்த வரியால்தான். செப்டம்பர் 14ஆம் தேதியிலிருந்து வெந்த ஈட்டுக்கும் வேகாத ஈட்டுக்கும் ஒரே லேபிள்தான் வந்திருக்கிறது.

இது தெரிந்த பிறகும் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும், ஜெயிலுக்குப் போவேன் என்ற பயம்தான், வேறு காரணம் இல்லை.

நேற்று தங்கப்பாண்டியன் மனைவி இருளம்மாள் என் வீட்டுக்கு வந்தார். "அக்கா, அவிய மேல தப்பு இல்லன்னு கம்ப்யூட்டர்ல பாத்து ஒரு சீட்டு எடுத்துத் தாங்க. கம்ப்யூட்டர் சொன்னா எல்லாரும் கேப்பாவ" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்று காலை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி இங்கே வந்தேன்.

தங்கப்பாண்டியன் முதலில் எழுதியதுதான் உண்மை. அதை அடிக்கச் சொன்னது நான். என்னை யாரும் மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் நிஜம். இதில் ஒரு நகலை இருளம்மாளிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) சா. பரிபூரணம்